ஃபிக்ஸ் பண்ணச் சொன்ன தங்கைக்கு

ஹாரோ, இலொயிலோ, பிலிப்பைன்ஸ்
நவம்பர், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை

அன்பும் படிப்பும் டாலரும் நிறைந்த என் தங்கை ரெமெடியோஸுக்கு,

அண்ணன் தியோதுலோ ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணி சால்வசியோனும் மாதாவின் தயவில் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளை வால்ட்டரும் சிகாகோப் பனியில் விறைத்துப் போகாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் தம்பி நெஸ்டோர் சுகமா என்று கேட்பாய். உடம்புக்குச் சுகம்தான். முழு உடம்புக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வியாழக்கிழமை நீ போனில் அனுப்பிய செய்தி கிடைத்தது. "ஒரு சின்ன வேலை சொன்னேன் அண்ணா, அதுல எப்படி பாதிரியார், படகு, செக்யூரிட்டி எல்லாம் வந்தாங்க?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. கட்டைவிரலால் பதில் சொல்லித் தீராது என்பதால் தாள் வாங்கிவந்து நம் சொந்த மொழியில் எழுதுகிறேன். சிகாகோவில் நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து நீ ஆங்கிலத்தில்தான் சிந்திக்கிறாய், ஆங்கிலத்தில்தான் தும்முகிறாய். இது புரியவில்லையென்றால் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்.

நான் ஆங்கிலம் தெரியாதவன் அல்ல. துறைமுகத்தில் கப்பல் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுளை ஆங்கிலத் தட்டச்சிலேயே கழித்தவன். ஃபிக்ஸ் என்ற சொல் எனக்கு நண்பன் மாதிரி. பழுதான கிரேனை ஃபிக்ஸ் பண்ணுவார்கள், சரக்குக் கூலியை ஃபிக்ஸ் பண்ணுவார்கள், தேதியை ஃபிக்ஸ் பண்ணுவார்கள். இத்தனையும் ஒரே சொல்தான். ஆங்கிலேயர்கள் சிக்கனமானவர்கள், ஒரு சொல்லை வாங்கினால் அது கிழியும்வரை உடுத்துவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நீ ஜூலையில் கூரையை ஃபிக்ஸ் பண்ணு என்றாய்; ஆள் கூப்பிட்டுச் செய்தேன். குளியலறைக் குழாயை என்றாய், அதையும் செய்தேன். இரண்டும் இப்போது ஒழுகுவதில்லை. அதற்கு நீ நன்றி சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிட மாட்டேன்.

அடுத்து ஜெனரலை ஃபிக்ஸ் பண்ணச் சொன்னாய். ஜெனரல் நம் வீட்டு ஆண்பூனை. நீ பேசும்போதெல்லாம் பின்னால் நின்று கத்துவானே, செம்பட்டை நிறம், அவன்தான். நீயும் வால்ட்டரும் பிப்ரவரியில் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், பக்கத்து லா பாஸில் கால்நடை டாக்டர் அமேலிதா இருக்கிறாள், உன் பள்ளித் தோழியின் தங்கை, அவளிடமே கொண்டுபோ என்று எழுதியிருந்தாய். நான் பூனையை மடியில் வைத்து மூக்கிலிருந்து வால்வரை ஆராய்ந்தேன். இடது காது சண்டையில் கொஞ்சம் கிழிந்திருந்தது. அமெரிக்காவில் இருந்தபடி ஒரு பூனையின் காதைக்கூடக் கவனித்திருக்கிறாளே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கண் கலங்கியது.

கூடையில் போட்டு எடுத்துப்போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். ஃபிக்ஸ் என்றேன். பெருந்தன்மையாக, "வேற எது இருந்தாலும் சேர்த்துப் பண்ணிடுங்க, பாதி வேலை வேண்டாம்" என்றும் சொன்னேன். மாலையில் திருப்பித் தந்தார்கள். காது கிழிந்தபடியேதான் இருந்தது. ஆனால் பூனை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரெமி, அப்படி ஒரு பார்வையை நான் ஓய்வுபெற்ற அன்று கண்ணாடியில்தான் கண்டிருக்கிறேன்.

டாக்டர் அமேலிதா வெளியே வந்து பொறுமையாக விளக்கினாள். மெலிந்த உடம்பு, அமைதியான குரல், பூனை கீறிய கைகள். அமெரிக்கர்கள் ஃபிக்ஸ் என்றால் காயடிப்பதாம். நம் ஊரில் அதற்கு நேரான சொல் இருக்கிறது, பன்றி வளர்ப்பவன் வாயில் எப்போதும் இருப்பது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, உள்ளதைக் கழற்றி எறிந்துவிட்டு ரிப்பேர் பண்ணியாயிற்று என்கிறார்களாம். நல்லவேளை, உங்கள் நாட்டில் கார் மெக்கானிக்குகள் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, "நெஸ்டோர் உங்க தம்பிதானே? அவரையும் ஒருநாள் கூட்டிட்டு வருவீங்கன்னு ரெமி அக்கா சொன்னாங்க" என்றாள். ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பூனைக்காகத் துக்கத்தில் இருந்தேன்.

மறுவாரம் உன் அடுத்த செய்தி வந்தது. அன்று எனக்குப் புரிந்தபடியே நம் மொழியில் தருகிறேன். "அடுத்தது நெஸ்டோர். நாற்பத்துநாலு வயசாச்சு, இனிமே விட்டு வைக்கக்கூடாது, அவனையும் ஃபிக்ஸ் பண்ணிடணும். அமேலிதாகிட்ட பேசிட்டேன், சம்மதிச்சுட்டா. சனிக்கிழமை நாலு மணிக்கு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ. முன்னாடியே சொன்னா ஓடிடுவான், சொல்லாதே. குளிச்சு, சுத்தமான துணி போட்டு வரச்சொல்லு. முதல்ல கொஞ்சம் நெளிவான், அப்புறம் பழகிடும்."

இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று நீயே சொல். அதே டாக்டர், அதே சொல், அதே கிளினிக், குளித்து வா என்ற எச்சரிக்கை வேறு. எழுதியவள் நர்ஸ். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நெஸ்டோரை உனக்குத் தெரியும். ஹாரோவிலிருந்து லா பாஸுக்கு ஆள் ஏற்றி ஜீப்னி ஓட்டுகிறான், எங்கள் பின்னறையில் இருக்கிறான், கட்டணத்தை நீட்டுவது பெண் என்றால் கையை மட்டும் பின்னால் நீட்டுவானே தவிர திரும்பிப் பார்க்க மாட்டான். அப்படிப்பட்டவனுக்கு எதற்கு இந்த முன்னெச்சரிக்கை என்று சால்வசியோனிடம் கேட்டேன். அவள் தையலை நிறுத்தாமல், "உங்க தங்கச்சி படிச்சவ, ஏதோ காரணம் இருக்கும். எதுக்கும் ஒரு தடவை கேட்டுடுங்களேன்" என்றாள். பாதி ஆயுள் ஆங்கிலத் தட்டச்சு செய்தவன், தங்கையிடம் போய் ஒரு சின்னச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பதா? கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஃபாதர் ஹிலாரியோவிடம் போனேன்.

ஒருவனுக்குச் சொல்லாமல் அவன் நன்மைக்காகவே அவனைக் கத்திக்குக் கொண்டுபோனால் பாவமா என்று கேட்டேன். என்ன வியாதி என்றார். கோவிலுக்குள் நின்று எப்படிச் சொல்வது? இடுப்புக்குக் கீழே என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என் தோளைத் தொட்டு, இந்தக் காலத்தில் சீக்கிரம் கண்டுபிடித்தால் எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், வரும் சனிக்கிழமை பெரும் சோதனையைச் சந்திக்கவிருக்கும் நம் சகோதரர் நெஸ்டோருக்காக மன்றாடுவோம் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். நெஸ்டோர் ஞாயிறு காலையில் வண்டி ஓட்டுவதால் கோவிலில் இல்லை. மற்ற எல்லோரும் இருந்தார்கள்.

அதன்பிறகு அவன் ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தான். ஜீப்னி நிறுத்தத்தில் மற்ற டிரைவர்கள் தங்கள் முறையை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பாட்சோய்க் கடைக்காரி அவன் கிண்ணத்தில் நூடுல்ஸ் தெரியாத அளவுக்கு ஈரலும் மூளையும் போட்டுவிட்டு, காசு வாங்காமல் ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது நெஸ்டோர் என்னிடம், "அண்ணே, ஊரே திடீர்னு நல்லதாயிடுச்சு" என்றான். நான் என் பங்கு மீனையும் அவன் தட்டில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். நீ சொல்லாதே என்றிருந்தாய். ஆனால் கூடப்பிறந்தவனைப் பூனையைப் போலக் கூடையில் போட்டுக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் போய் நின்று, நாளைக்கு நாலு மணிக்கு டாக்டர் அமேலிதாவிடம் போகவேண்டும் என்றேன்.

"பூனை டாக்டர்கிட்டயா? ஜெனரலுக்குத் தையல் பிரிக்கணுமா?"

"ஜெனரலுக்கு முடிஞ்சுதுடா. இது உனக்கு."

"எனக்கு என்ன?"

"ஜெனரலுக்குப் பண்ணினதுதான். ரெமி பேசி முடிச்சுட்டா."

அவன் குழாயை மூடினான். துணியைப் பிழிந்து பானெட் மேல் விரித்தான். பிறகு, "நான் என்ன தப்பு பண்ணினேன் அண்ணே?" என்று கேட்டான்.

"தப்புன்னு இல்லடா. அந்த ஊர்ல ஒரு வயசுக்கு மேல எல்லாருக்கும் பண்ணுவாங்க போலிருக்கு."

"வால்ட்டர் மச்சானுக்குமா?"

அது நாம் கேட்கிற விஷயமில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காலையில் எழுந்து பார்த்தால் வண்டிச் சாவி மேசைமேல் கிடக்கிறது, ஆள் இல்லை. படகேறி கிமாராஸ் தீவுக்குப் போய்விட்டான், அங்கே சிநேகிதன் கிறிஸ்புலோவின் மாந்தோப்பில் இருப்பான் என்று உன் அண்ணி சொன்னாள். அவளே சோறு கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். என் வீட்டில் எனக்கு என்ன மரியாதை என்பதற்கு இது ஒரு சாட்சி.

டாக்டரைக் காக்கவைப்பது முறையல்ல என்று நான் மட்டும் நாலு மணிக்குப் போனேன். கிளினிக் பூட்டியிருந்தது, பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. டாக்டர் அமேலிதா நீல நிற உடை போட்டு, முத்துத்தோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூனைகளை எடைபோடும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கேக், காப்பிக் கோப்பைகள், ஒரு கத்தி. அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளிக்குக் கேக் கொடுப்பது அமெரிக்க முறையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். தம்பி வரவில்லை, பயந்து ஓடிவிட்டான், மன்னிக்கவேண்டும் என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "பயமா? எனக்கும்தான் பயமா இருந்தது. காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல" என்றாள்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "டாக்டர், மனுஷங்களுக்கு இதுதான் உங்களுக்கு முதல் தடவையா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரெண்டாவது. முதல் ஆள் இறந்துட்டாரு. ரெமி அக்கா சொல்லலையா?"

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். "உடனேவா?"

"ஏழு வருஷம் நல்லாதான் இருந்தோம். அப்புறம் காய்ச்சல்ல போயிட்டாரு."

அந்த 'இருந்தோம்' எங்கோ இடித்தது. ஆனால் வந்த காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். "டாக்டர், அவன் யார் வம்புக்கும் போகாதவன். கல்யாணம்கூட ஆகாதவன். அவனை அப்படியே விட்டுடக் கூடாதா? ஜெனரலுக்காவது ஊர் முழுக்கக் கெட்ட பேர் இருந்தது."

அவள் கையை நீட்டி என் போனைக் கேட்டாள். உன் செய்தியைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். விரல் நுனியை ஓரிடத்தில் வைத்து, இங்கே 'அப்' என்று ஒன்று இருக்கிறதே, பார்க்கவில்லையா என்றாள். ஃபிக்ஸ் என்றால் ஒன்று, ஃபிக்ஸ் அப் என்றால் பெண் பார்த்து வைப்பதாம். அந்த அப் எங்கே நின்றது தெரியுமா? ஃபிக்ஸுக்குப் பக்கத்தில் இல்லை. நடுவில் தம்பியை நிற்கவைத்து, அவனுக்கு அந்தப் பக்கம், வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி நின்றது. இரண்டே எழுத்து. அதிலே ஒரு மனிதனின் வம்சமே தொங்குகிறது என்றால், ரெமி, அதை எழுதும்போது கொஞ்சம் பெரிதாக எழுதினால் உன் போன் தேய்ந்துவிடுமா?

டாக்டர் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "அப்போ அவரு என்னைப் பார்த்து ஓடல" என்றாள், எனக்குச் சொல்வது போலவே இல்லை. நான்கு வருஷமாக அவன் ஜீப்னியில்தான் கிளினிக்குக்கு வருகிறாளாம். மழை நாளில் வாசல்வரை கொண்டுவந்து விடுவானாம். ஒரு வார்த்தை பேசியதில்லையாம். உனக்கு அவளே போன் பண்ணித்தான் கேட்டாள் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பாரா மிச்சமாகியிருக்கும், ஒரு பாதிரியாரும்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கிமாராஸுக்குப் படகேறினேன். அதே கேக்கை வீணாக்கக் கூடாதென்று மருத்துவப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். அங்கேதான் தவறு. தோப்பு வாசலில் எங்களைப் பார்த்த நெஸ்டோர், என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான், மாமரத்தில் ஏறிவிட்டான். நாற்பத்துநாலு வயசில் அந்த வேகத்தில் ஏறியதை நீ பார்த்திருந்தால் அவனுக்கு ஃபிக்ஸ் எதுவும் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பாய்.

அமேலிதா மரத்தடிக்குப் போய், இறங்கி வரும்படி சொன்னாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள் என்று மேலேயிருந்து குரல் வந்தது. அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் புல்லில் எடுத்துவைத்தாள். பிளாஸ்க், இரண்டு கோப்பை, கேக்.

"கத்தி இருக்கு டாக்டர்."

"கேக் வெட்டறதுக்கு."

மேலே இலை அசையவில்லை. அவள் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டாள், முதல்நாள் போட்ட அதே நீல உடையோடு. "இதுவரைக்கும் என்னைப் பார்த்து ஓடினவங்க எல்லாருக்கும் நாலு காலுங்க. நீங்கதான் முதல் ஆளு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நேத்திக்கு நீங்க வருவீங்கன்னு நாலு மணி வரைக்கும் கண்ணாடி முன்னாடியே நின்னேன். கத்தியோட இல்ல" என்றாள்.

மரத்தில் ஒரு சத்தம் கேட்டது. கிளை முறிகிறது என்று நினைத்துத் தள்ளி நின்றேன். நெஸ்டோர் சிரிக்கிறான். அவன் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கே நினைவில்லை. அவன் இறங்கி வருவதற்குள் எனக்குத் தோப்பைச் சுற்றிக் காட்டும்படி கிறிஸ்புலோவிடம் சொல்லிவிட்டார்கள். மாங்காய் இல்லாத பருவத்தில் ஒரு மாந்தோப்பை எத்தனை முறை சுற்றலாமோ அத்தனை முறை சுற்றினேன். திரும்பும் படகில் இருவரும் முன்பலகையில் உட்கார்ந்துவந்தார்கள். எனக்கு இன்ஜின் பக்கம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நீ நிறுத்தவில்லை. அக்டோபரில், இருவரும் கல்யாணத்துக்குச் சம்மதித்ததும், தேதியை ஃபிக்ஸ் பண்ணு, மண்டபத்தை ஃபிக்ஸ் பண்ணு, கல்யாணப் பேப்பர்களை ஃபிக்ஸ் பண்ணு என்று ஒரே மூச்சில் அனுப்பினாய். இம்முறை எனக்கு நன்றாகப் புரிந்தது. பேப்பருக்காக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். எது என்று எழுதமாட்டேன், அவர்களுக்கு என்னைத் தெரியும். வாசலில் செக்யூரிட்டிக் காவலர் எதற்கு வந்தீர்கள் என்றார். ஃபிக்ஸ் பண்ண என்றேன். யாருக்கு என்றார். தம்பிக்கு என்றேன். தம்பி உங்களுக்கு என்ன தருவார் என்று கேட்டார். இப்போது ஒன்றும் தரமாட்டான், காரியம் முடிந்ததும் பார்த்துச் செய்வான் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். நான் சாய்ந்து நின்ற பலகையில், லஞ்சம் வாங்கிக் காரியம் முடித்துத்தரும் ஃபிக்ஸர்களிடம் எச்சரிக்கை என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. பேத்தி வயசிருக்கும் ஓர் அதிகாரி, நேர்மை பற்றி எனக்கு வகுப்பு எடுத்தாள். உன் அண்ணி வந்து கையெழுத்துப் போட்டு மீட்டுக்கொண்டு போனாள். அன்று நெஸ்டோர் மிக மரியாதையாக, "பேப்பரை நான் பாத்துக்கறேன் அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான்.

ஆகவே பாதிரியாரும் படகும் செக்யூரிட்டியும் எப்படி வந்தார்கள் என்ற உன் கேள்விக்கு விடை, நீ அனுப்பித்தான் வந்தார்கள். இனி எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமானால் நம் மொழியில் சொல். அதில் கழற்றுவதற்கு ஒரு சொல், மாட்டுவதற்கு ஒரு சொல் என்று தனித்தனியாக இருக்கின்றன. கல்யாணம் பிப்ரவரியில், கண்டெலாரியா மாதா திருவிழா முடிந்த முதல் சனிக்கிழமை. மண்டபம் பேசியாயிற்று. முன்னூறு பேர். குடும்பத் தலைவன் என்ற முறையில் எல்லாம் என் பொறுப்பில், என் கண்பார்வையில், ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. நீ டிக்கெட் வாங்கிவிட்டு வந்து நிற்பது மட்டும்தான் பாக்கி.

மாதா உங்களைக் காக்கட்டும், வால்ட்டரின் முதுகுவலியைக் குறைக்கட்டும், உன் மகன் தலையில் நல்ல புத்தியையும் கொஞ்சம் முடியையும் வளர்க்கட்டும்.

உன் நன்மையைத் தவிர வேறொன்றும் நினைக்காத,
அண்ணன் தியோதுலோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பாராவில் தையலை நிறுத்தினாள். போன வெள்ளிக்கிழமை, மீன் வாங்கப் போகிறேன் என்று அவள் திருவிழா உடையில் கிளம்பியதை நான் கவனிக்கவில்லையா என்று கேட்டாள். மீன் வரவில்லை என்பதைத்தான் கவனித்தேன். அன்று நீதிபதி அறையில் நெஸ்டோருக்கும் அமேலிதாவுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டதாம். சாட்சிக் கையெழுத்து இவளும் கிறிஸ்புலோவும். நீ போனில் பார்த்து அழுதாயாமே. எனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், அண்ணனுக்குத் தெரிந்தால் ஏதாவது ஃபிக்ஸ் ஆகிவிடும் என்று நெஸ்டோருக்குப் பயமாம். முன்னூறு பேருக்கு மண்டபமும் நாலு பன்றியும் சொல்லிவைத்திருப்பவன் நான். நீ டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே, பன்றிகளிடம் என்னால் விளக்கம் சொல்ல முடியாது. இதை எழுதும்போதே இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். அமேலிதா குனிந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "அண்ணா" என்றாள். கடுங்கோபத்தில் இருப்பதாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாப்பிட்டீர்களா என்று வந்துவிட்டது. சாப்பிடவில்லையாம். எனவே இத்துடன் முடிக்கிறேன்.